தாடி வைத்த சிப்பாய்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, சுழலும் ஒரு பொருள் தன் எஜமானனை அடையாளம் கண்டு மரியாதை கொடுத்தது ஒரே ஒரு இடத்தில்தான். எங்கள் தெருவின் கடைசியில், மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கும் மரக் கடைசல் பட்டறை அது. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவரும் அந்த எஜமானன்தான்.

"லேத்துங்கறது யாரை வேணும்னாலும் கடிக்கும். என்னைக் கடிக்காது. அதுக்கு என்னைத் தெரியும்" என்பார்.

ஆதாரமாக இருபத்திரண்டு வருட அனுபவத்தையும் பத்து விரல்களையும் முன்வைப்பார். விரல்களை விரித்து, எண்ணிப் பார்க்கச் சொல்வார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். கணக்கு சரியாகவே இருந்தது.

அவருக்கு உருட்டு அண்ணன் என்று பெயர். மரத்தை உருட்டுவதால் வந்த பெயர் என்று அவர் நம்பினார். தெரு அவருடைய நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

பட்டறை என்பது வீட்டின் முன்னறைதான். தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், கணுக்கால் அளவுக்கு மரச்சுருள், சுவர் ஓரமாக மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத்து, அதற்குப் பின்னால் அடுக்களைக்குப் போகும் கதவு. லேத்தில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். காலையிலிருந்து மதியம்வரை அண்ணி. கத்திப் பிடி, இழுப்பறைக் குமிழ், அப்பளம் தேய்க்கிற உருளைக்கட்டை எல்லாம் அவளுடையது. மதியத்துக்கு மேல் அண்ணன். மேசைக்கால், கட்டில்கால், மாடிப்படித் தூண் என்று ஆள் உயரச் சமாச்சாரங்கள் அவருடையவை.

அண்ணி லேத்தைப் போடுவதற்கு முன்னால் செய்கிற காரியங்களுக்கு அண்ணன் அணிவகுப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

முதலில் கையை முழங்கைக்கு மேல் மடிப்பாள். வளையல், மோதிரம் ஜன்னல் திட்டில் ஒரு கிண்ணத்துக்குப் போகும். தலைமுடியை உச்சியில் முடிந்து துணி கட்டுவாள். பிறகு மரக்கட்டையை விரல் முட்டியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டிக்கொண்டே வருவாள். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மாறும். கட்டையை லேத்தில் ஏற்றி, உளி வைக்கிற தாங்கியை மரத்துக்குச் சுண்டுவிரல் நெருக்கத்தில் கொண்டுவந்து இறுக்குவாள். இடைவெளி அதிகமானால் சுற்றுகிற மரம் உளியின் மூக்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். அப்புறம் மரத்தைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பாள், எங்கேயும் இடிக்கவில்லையே என்று. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பை இறக்கிவிட்டு, மரத்துக்கு நேராக நிற்காமல் ஓரடி தள்ளி நின்று சுவிட்சைத் தட்டுவாள். அதற்குப் பிறகும் உளியை முதலில் தாங்கியில் வைத்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுவாள்.

"இவ கிளம்பறதுக்குள்ள விதை போட்டு மரமே வளர்ந்துரும்" என்பார் அண்ணன். முகமறைப்புக்கு மீன் தொட்டி என்று பெயர். தட்டிப் பார்ப்பதற்கு, "டாக்டரம்மா, நாக்கை நீட்டச் சொல்லலையா?"

அண்ணி பதினொரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே பதினொரு வருடமாக அதையே செய்தாள்.

அண்ணனின் முறை வேறு. வருவார், சுவிட்சைத் தட்டுவார். தாங்கியை நகர்த்த வேண்டுமானால் லேத்தை நிறுத்துவதை அவமானமாகக் கருதி, ஓடும்போதே முழங்காலால் தள்ளுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய தாடி. மார்பைத் தொடுகிற தாடி. உப்புத்தாள் போட்டு முடித்ததும் மரம் வழவழப்பாகிவிட்டதா என்று விரலால் பார்ப்பது சாதாரண மனிதர்களின் வழி. அண்ணன் குனிந்து, சுற்றுகிற மரத்தின் மேல் தாடியை மெதுவாக உரசவிடுவார். நாலு திசையில் தேடினாலும் இப்படி ஒரு சோதனை முறை கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

"விரல் பொய் சொல்லும். தாடி சொல்லாது" என்பார் கண்ணை மூடிக்கொண்டு.

மழைக்காலம் ஆரம்பிக்கும்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வேலை வந்தது. முற்றத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நடந்து நடந்து விளையாட சதுரங்கக் காய்கள் வேண்டும். முழங்கால் உயரச் சிப்பாய் பதினாறு, இடுப்பு உயர ராஜா இரண்டு, மற்றவை நடுவில். குதிரைத் தலைகளைச் செதுக்க வேறொரு ஆள். சனிக்கிழமை காலை திறப்பு.

அண்ணனுக்குக் கறுப்பு ராஜாவின் மேல்தான் கண். அவ்வளவு கனத்த கட்டையை அந்த லேத்து கண்டதில்லை. ராஜாவின் உருவத்தைச் சுவரில் சாக்கட்டியால் வரைந்து, தினமும் இடுப்பை இளைக்க வைப்பதும் கிரீடத்தை மாற்றுவதுமாக இருந்தார்.

"அப்பா, இந்த ராஜா நீங்களா?" என்று கேட்டாள் பத்தாவது படிக்கிற மகள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தாடி வரைஞ்சிருக்கீங்க."

விஷயம் நடந்தது பதினான்காவது சிப்பாயில். அண்ணன் வழக்கம்போல் கண்ணை மூடி, குனிந்து, தாடியை உரசினார். சிப்பாயின் கழுத்துப் பள்ளம் தாடியின் நுனியைப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை. அண்ணன் இரண்டு கையாலும் லேத்தின் இரும்பைப் பற்றிக்கொண்டு பின்னால் இழுக்க, மரம் முன்னால் இழுக்க, மழை ஈரத்தில் இரண்டு நாளாகத் தொளதொளவென்றிருந்த மோட்டார் பெல்ட் சக்கரத்தில் வழுக்கிக் கிறீச்சிட்டது. கொல்லைக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்து சுவிட்சை அடித்தபோது, அண்ணனின் மூக்கு சிப்பாயின் தலையில் முட்டிக்கொண்டிருந்தது.

மகளின் கைவேலைக் கத்தரிக்கோலால் தாடியை வெட்டித்தான் அவரைப் பிரிக்க முடிந்தது. நிமிர்ந்தார். தாடையைத் தடவினார். சிவந்திருந்ததே தவிர ரத்தம் இல்லை.

"வழவழப்பு சரியாத்தான் இருக்கு" என்றார்.

அண்ணி மரச்சுருள் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண் மோட்டார் பெல்ட்டுக்குப் போனது.

"பெல்ட் இறுக்கமா இருந்திருந்தா?" என்றாள்.

"இல்லையே."

"நேத்து இறுக்கறேன்னீங்க."

"அதான் இறுக்கலையே. பாத்தியா, சோம்பேறித்தனமும் ஒரு பாதுகாப்புதான்."

அண்ணி எழுந்தாள். மோட்டார் பக்கம் போய் பெல்ட்டைக் கழற்றினாள். தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் செய்யறது அத்தனையும் நீங்க செய்யணும். ஒண்ணு விடாம. நான் பக்கத்துல நிக்கறப்ப மட்டும் இல்ல, இல்லாதப்பவும். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கும்."

"நீ இல்லாதப்ப செஞ்சேனா இல்லையான்னு உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். "இருபத்திரண்டு வருஷம் சிங்கத்தோட வாழ்ந்தவனை, கூண்டுக்கு வெளியில நின்னு வேடிக்கை பாருங்கறா."

"அந்தச் சிங்கத்தோட வாயிலதான் இப்ப உங்க தாடி இருக்கு" என்றாள் அண்ணி.

அன்றிலிருந்து காலையில் வேலை தொடங்கும்போது பெல்ட்டைப் போடுவாள். முடிந்ததும் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வாள். கடைக்கும் அப்படியே போனாள். காய்கறிக்காரர் கேட்டார், "என்னம்மா தோள்ல, புதுப் பையா?"

"இல்ல. என் வீட்டுக்காரர்" என்றாள்.

மறுநாள் அண்ணன் நேராக மச்சானின் சவரக்கடைக்குப் போனார். மச்சான் என்பது அண்ணியின் அண்ணன். குறைவாகப் பேசுகிற சவரக்காரர் என்பதால் ஊரில் பலருக்கு அவர்மேல் சந்தேகம் இருந்தது.

"என்ன மாப்ளே, பாதி அறுவடையா?"

"மச்சான், முழுசா எடுத்துரு. பிரச்சினையே தாடிதான். தாடி போனா பெல்ட் வரும்."

மச்சான் துண்டைப் போர்த்தினார். சோப்பு நுரை போட்டார். கத்தியைத் தீட்டினார். கட்டைவிரலில் பார்த்தார். மறுபடி தீட்டினார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மச்சான், கல்யாணத்துக்கா தயாராகறே? சட்டுனு வை."

"சிரிக்கறவன், தும்மறவன், பேசறவன். இந்த மூணு பேருக்கும் நான் கத்தி வைக்கறதில்ல. நீ இப்ப மூணாவது ஆளு."

"முப்பது வருஷ அனுபவம் உனக்கு. இன்னும் என்ன பயம்?"

"முப்பது வருஷமும் இப்படித்தான் பண்றேன் மாப்ளே. அதனாலதான் முப்பது."

அண்ணன் வாயை மூடினார். கத்தி வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அந்தத் தாடையைப் பார்த்ததில்லை.

"அப்பா, உங்க முகம் இங்கயே முடிஞ்சிருதா?"

அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் பேச்சுவார்த்தையில் தோற்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"பாரு, தாடி இல்ல. பெல்ட்டைக் குடு."

"தாடி போச்சு, சரி. மூக்கு இருக்கு. கண்ணு ரெண்டு இருக்கு. கை இருக்கு. இதையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க? எங்கண்ணன்கிட்ட போய் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வருவீங்களா?"

அண்ணன் அடுத்த தெருக் கடைசல்காரரிடம் போனார், ராஜாவுக்கு மட்டும் ஒரு மதியம் லேத்து கேட்க. அவர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, "தங்கச்சி காலையிலேயே போன் பண்ணிருச்சுப்பா" என்றார். டீ நன்றாக இருந்ததாக அண்ணன் சொன்னார்.

வேறு வழியில்லாமல் வீட்டு வேலை அவருக்கு வந்தது. உருளைக்கிழங்குத் தோலை ஒரே சுருளாக, ஒரு இடத்திலும் அறுபடாமல் எடுப்பார். அதை ஜன்னலில் காயப்போட்டு வருகிறவர்களுக்குக் காட்டினார். முட்டையை வேகவைத்தால் அது சரியான உருண்டையா என்று சோதிப்பார். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் மகள் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"அப்பா, நறுக்கறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தீங்களா? உள்ள விரிசல் இருக்கப் போகுது."

"போய்ப் படி."

"மீன் தொட்டி வேணுமா? கண்ணு கரிக்காது."

அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கௌரவம் தடுத்தது. அழுதுகொண்டே நறுக்கினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி கடைந்துகொண்டிருந்தாள். மழை ஜன்னலில் சாரலடித்தது. பட்டறை முழுக்க ஈர மரத்தின் வாசனை. சிப்பாய்கள் பதினாறும் முடிந்தன. யானைகள் முடிந்தன. இரண்டு ராணிகளும் வெள்ளை ராஜாவும் சுவர் ஓரமாக வரிசையில் நின்றார்கள். இவ்வளவு உயரக் காய்களை அவள் செய்ததில்லை. சாயங்காலம் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். அண்ணன் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைப்பார். பெல்ட் அவள் இன்னொரு தோளிலேயே இருந்தது.

புதன்கிழமை ஓவிய டீச்சர் பார்க்க வந்தார். ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்தவர், அலமாரியில் தனியாக நின்ற சிப்பாயைக் கண்டார். கழுத்தைச் சுற்றி இறுக்கமாகக் கறுப்பும் நரையுமாய் முடி. அண்ணி அதை அத்தாட்சியாக வைத்திருந்தாள்.

"இது ரொம்ப நல்லா இருக்கே. எப்படிப் பண்ணீங்க?"

"அவர் பண்ணினது" என்றாள் அண்ணி.

"ரொம்ப நுணுக்கமான வேலை. பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். இதை மாத்தாதீங்க."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு செய்ய வேண்டியிருந்துச்சு" என்றார்.

"இன்னும் கறுப்பு ராஜா மட்டும்தான் பாக்கி, இல்ல? அதை யார் பண்றீங்க?"

"நான்" என்றார் அண்ணன்.

"நான்" என்றாள் அண்ணி.

டீச்சர் இருவரையும் பார்த்தார். சுவரில் சாக்கட்டி ராஜாவைப் பார்த்தார். ஆசிரியப் பயிற்சியில் இந்த நிலைமைக்கும் ஒரு பாடம் இருந்திருக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"என்னங்க, சொல்லுங்க. எல்லாம் செய்வேன்னு ஒரு வார்த்தை. இப்பவே குடுத்துர்றேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜாவின் இடுப்பை அவர் எத்தனை நாள் இளைக்க வைத்தார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ராஜாவை விட்டுக்கொடுப்பதுகூட, அவள் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட லேசாகத்தான் இருந்தது அவருக்கு.

"உருளைக்கிழங்கு அடுப்புல இருக்கு" என்று உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மழை விட்டது. கறுப்பு ராஜாவுக்கான கட்டை தார்ப்பாயிலிருந்து வெளியே வந்தது. மச்சான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கமாகப் பிடித்து மேசைமேல் கிடத்தினார்கள். அண்ணி கையை மடித்தாள். முடியைக் கட்டினாள். கட்டையைப் பார்த்தபோது அவளுக்கே கொஞ்சம் மிரட்சி. அவ்வளவு கனம் சுற்றும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தட்ட ஆரம்பித்தாள்.

டொக். டொக். டொக். டொக்.

அடுக்களையில் அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அதை ஏத்தாதே."

பட்டறையில் எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் கதவில் நின்றார், கண்ணெல்லாம் சிவந்து, கையில் பாதி வெங்காயம்.

"ஏங்க? நல்லாத்தானே கேக்குது" என்றாள் அண்ணி.

"கடைசிக்கு முந்தினது. திரும்பத் தட்டு. இன்னும் கொஞ்சம் மேல. அங்க."

தட்டினாள். மறுபடி தட்டினாள். மச்சான் தலையை ஆட்டினார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி கட்டையின் மேல் காதை வைத்துத் தட்டினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

ஒரு ஆப்பை அந்த இடத்தில் வைத்து மச்சான் இரண்டு போடு போட்டார். இரண்டாவது போடுக்கே கட்டை பிரட்டைப்போல் பிளந்துகொண்டது. வெளியே தெரியாத விரிசல், உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளங்கை அகலத்துக்கு. சுற்றும்போது பிளந்திருந்தால் அந்தப் பாதிக் கட்டை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எல்லாரும் தனித்தனியாக யோசித்தார்கள்.

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "நீங்க ஒரு நாள்கூடத் தட்டினதில்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

"நீ பதினோரு வருஷமாத் தட்டறியே. நான் என்ன காதைக் கழட்டி வெச்சுட்டா உக்காந்திருந்தேன்? நல்ல கட்டை எப்படிக் கேக்கும்னு எனக்கு மனப்பாடம்."

"கேட்டுட்டேதான் இருந்தீங்களா?"

"டாக்டரம்மா வீட்டுல குடியிருந்தா காதுல விழத்தானே செய்யும்."

மகள் வாயைத் திறந்தாள். மச்சான் அவள் தலையில் லேசாகக் கையை வைத்தார், மூடிக்கொண்டாள்.

"தார்ப்பாய்க்கு அடியில இன்னொரு கட்டை இருக்கு" என்றாள் அண்ணி. தோளிலிருந்து பெல்ட்டை எடுத்து லேத்தின் மேல் வைத்தாள். "என் தோளு ரெண்டும் போச்சு. நான் டீ போடப் போறேன்." அண்ணனின் கையிலிருந்த பாதி வெங்காயத்தை வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஒரு வார்த்தை சொல்லணுமா?" என்றார் அண்ணன்.

"எதுவும் சொல்ல வேணாம்."

இரண்டாவது கட்டையையும் தூக்கி வைத்துவிட்டு மச்சான் கடையைத் திறக்கப் போனார். மகளை அண்ணி கூடவே அடுக்களைக்கு இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். தீக்குச்சியை எடுத்தாள், உரசவில்லை.

"அம்மா, ஜன்னல் வழியாப் பாக்கட்டுமா?"

"வேணாம். உக்காரு."

கதவுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திட்டில் கிண்ணம் நகர்ந்து, அதில் ஒரு மோதிரம் விழுந்தது. பிறகு டொக், டொக், டொக் என்று மெதுவாக, முனையிலிருந்து முனைவரை. ஒரே மாதிரி, திடமாக. திரும்ப ஒருமுறை, கட்டையைப் புரட்டிப் போட்டு. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தீக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டையை ஏற்றுகிற முனகல். முனைகளை முடுக்குகிற சத்தம். பெல்ட் சக்கரத்தில் ஏறி இறுகியது. தாங்கி இரும்பின் மேல் தேய்ந்து வந்து நின்றது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, திருகு இறுகியது.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். அண்ணி கையை நீட்டித் தடுத்தாள். பதினைந்து மூச்சு நேரம் எந்தச் சத்தமும் இல்லை. இருபது மூச்சு நேரம்.

மரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் அப்படித்தான், ஒன்றும் கேட்காது.

ஒரு செருப்பு ஓரடி தள்ளித் தேய்ந்தது. சுவிட்ச் விழுந்தது. லேத்து எழுந்து சீராக ஓட ஆரம்பித்தது. அண்ணி தீக்குச்சியை உரசினாள்.